சிவப்புக் கோடு போனால் போதுமா? வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதவும் எழுதியதைத் திருத்தவும் கற்றுக்கொடுப்பதில் கம்ப்யூட்டர் எந்த அளவுக்கு உதவும் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். அவற்றை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். கட்டுரையை மறுபடி எழுதச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். கம்ப்யூட்டரில் என்றால் முழுசாகத் திரும்ப எழுத வேண்டியதில்லையே, ஆசையாகத் திருத்துவார்கள் என்று நினைத்து லேபுக்கு அழைத்துப் போனேன். பாதி நேரம் ஃபான்ட் மாற்றுகிறார்கள், தலைப்புக்குக் கலர் கொடுக்கிறார்கள், நாலு எழுத்துப்பிழையைச் சரிசெய்துவிட்டு 'முடிச்சிட்டேன் மிஸ்' என்கிறார்கள். கட்டுரை இருந்த மாதிரியேதான் இருக்கிறது. ஏன் இப்படி?

பதில்: திருத்துவது என்றால் பிழை நீக்குவது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சின்ன வகுப்பிலிருந்து சிவப்பு மையில் அவர்களுக்குத் திரும்பி வந்ததெல்லாம் ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை, 'கையெழுத்தைக் கவனி' இவைதானே? அப்படியிருக்க, கையில் கம்ப்யூட்டரைக் கொடுத்தாலும் அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்வார்கள். வேறு எப்படிச் செய்வார்கள்?

இது உங்கள் வகுப்பில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. அமெரிக்காவில் நான்சி சோமர்ஸ் என்ற ஆய்வாளர் 1980-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் 20 பேர், பத்திரிகையாளர்கள், எடிட்டர்கள், பேராசிரியர்கள் என்று அனுபவமுள்ளவர்கள் 20 பேர். ஒவ்வொருவரும் மூன்று கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை மாற்றி எழுதினார்கள். மாணவர்கள் பெரும்பாலும் சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் போட்டார்கள், ஒரே சொல் இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்கினார்கள். அனுபவமுள்ளவர்களோ முதல் வரைவை எழுதிய பிறகுதான் தாம் என்ன சொல்ல வந்தோம் என்பதையே தேடினார்கள், பத்திகளை இடம் மாற்றினார்கள், புதிதாகச் சேர்த்தார்கள், வாதத்தின் உருவத்தையே மாற்றினார்கள். வகுப்பறைகளில் கம்ப்யூட்டர் பரவாத காலத்து ஆய்வு அது. இத்தனை வருஷம் கழித்து உங்கள் லேபிலும் அதையே பார்க்கிறீர்கள்.

கம்ப்யூட்டர் இதில் ஒரு சிக்கலைக் கூட்டவும் செய்கிறது. ரஃப் நோட்டில் அடித்தும் கிறுக்கியும் எழுதியதைப் பார்த்தால் 'இது இன்னும் முடியவில்லை' என்று கண்ணுக்கே தெரியும். திரையில் முதல் வரைவே அச்சடித்த மாதிரி, ஓரம் வெட்டினாற்போல நிற்கிறது. அதில் கைவைக்க யாருக்கும் மனசு வராது. அதனால் வேலையைப் பிரியுங்கள். முதல் நாள் வகுப்பில் எழுதுவது மட்டும். ஃபான்ட் ஒன்றே ஒன்று, பிழை காட்டும் வசதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்க வேண்டும், கலர், படம் எதுவும் கிடையாது. ஃபைலை 'வரைவு 1' என்று சேவ் செய்துவிட்டு எழுந்து போகட்டும்.

அடுத்த வகுப்புக்குக் குறைந்தது ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். அன்று ஃபைலை 'வரைவு 2' என்று வேறு பெயரில் சேவ் செய்யச் சொல்லி, ஒவ்வொரு பத்திக்கு மேலும் அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று ஒரே ஒரு வரி டைப் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் பத்திகளை விட்டுவிட்டு அந்த வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படிக்க வேண்டும். என்ன நடக்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். 'பள்ளியில் விளையாட்டு நேரம் வேண்டும்' என்று ஒரு மாணவி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் எழுதும் வரிகள் இப்படி இருக்கும்: விளையாட்டு முக்கியம். விளையாட்டில் பல வகை உண்டு. விளையாட்டு உடலுக்கு நல்லது, அதனால் முக்கியம். எங்கள் வகுப்பில் விளையாட்டு பீரியடைக் கணக்குக்குக் கொடுத்த மாதம் யாரும் கணக்கைக் கவனிக்கவே இல்லை. எனவே விளையாட்டு வேண்டும்.

நாலாவதுதான் கட்டுரை என்று அவளுக்கே தெரிந்துவிடும். முதலும் மூன்றும் ஒன்றையே சொல்கின்றன. இரண்டாவதுக்கு அங்கே வேலையே இல்லை. இப்போது நாலாவது பத்தியை வெட்டி மேலே ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டியவுடன் பல இடங்கள் இடிக்கும். 'மேலே சொன்னதுபோல' என்று இருக்கும், மேலே ஒன்றும் இருக்காது. 'அந்த ஆசிரியர்' என்று இருக்கும், எந்த ஆசிரியர் என்று தெரியாது. அந்த இடங்களைச் சரிசெய்ய உட்காரும்போது அவள் நிஜமாகவே திருத்தத் தொடங்குகிறாள். கையால் எழுதிய காலத்தில் இதைச் செய்ய மூன்று பக்கம் திரும்ப எழுத வேண்டும், அதனாலேயே யாரும் செய்யமாட்டார்கள். கம்ப்யூட்டர் உண்மையாக உதவுவது இங்கேதான், இந்த வெட்டி ஒட்டுவதில். எழுத்துப்பிழையைக் கடைசி வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் போகப்போகிற பத்தியில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்து என்ன பயன்?

கேள்வி: நான் பத்தாவது படிக்கிறேன். டைப் செய்யும்போது சிவப்புக் கோடு வந்தால் திருத்திவிடுகிறேன். கோடே இல்லை என்றால் என் கட்டுரை சரி என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை தம்பி. கோடு போடுவது பிழை காட்டும் மென்பொருள். தன்னிடம் உள்ள பட்டியலிலோ விதியிலோ நீ எழுதிய சொல் அடங்குகிறதா என்றுதான் அது முக்கியமாகப் பார்க்கிறது. 'பூவின் மனம் வீசியது' என்று நீ எழுதினால் பெரும்பாலும் சும்மா இருக்கும், ஏனென்றால் 'மனம்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'போகும் வலியில் பார்த்தேன்' என்றாலும் அப்படித்தான். சில மென்பொருள்கள் பக்கத்துச் சொல்லையும் பார்த்துச் சொல்லும், அதையும் முழுசாக நம்ப முடியாது. ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் சரியாகவே இருந்தாலும் கோடு போடும், அதற்குப் பயந்து மாற்றிவிடாதே. நீ சொன்ன காரணம் காரணமாக இருக்கிறதா, இரண்டாவது பத்தி முதல் பத்தியோடு சேர்கிறதா என்பதற்கெல்லாம் அது கோடு போடாது. உன் கட்டுரையை வாய்விட்டுப் படி. நாக்கு எங்கே தடுக்கிறதோ அங்கே நிறுத்திப் பார்.

கேள்வி: கம்ப்யூட்டரில் எழுதினால் பிள்ளைகளின் எழுத்து தேறும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். கையால் எழுதினால்தான் யோசனை வரும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பதில்: இந்தக் கேள்வி 1980-களிலிருந்தே ஆராயப்பட்டு வருகிறது. ராபர்ட் பாங்கர்ட்-டிரவுன்ஸ் 1993-இல் அதுவரை வந்த 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். கம்ப்யூட்டரில் எழுதிய மாணவர்களின் கட்டுரைகள் நீளமாக இருந்தன, தரமும் கொஞ்சம் கூடியிருந்தது, எழுத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பலன் அதிகமாகத் தெரிந்தது. ஸ்டீவ் கிரகாமும் டோலோரஸ் பெரினும் 2007-இல், 4 முதல் 12 வரையிலான வகுப்புகளைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து, எந்தெந்த முறை எவ்வளவு பலன் தருகிறது என்று எண் போட்டுக் காட்டினார்கள். எண் பெரிதானால் பலன் அதிகம். கம்ப்யூட்டரில் எழுதுவதற்கு 0.55 கிடைத்தது. அதைக் குறைவு என்று சொல்லமுடியாது. ஆனால் அதே பட்டியலில், திட்டமிட்டு எழுதித் திருத்தும் வழிகளை வெளிப்படையாகக் கற்பிப்பதற்கு 0.82, பிள்ளைகள் சேர்ந்து எழுதுவதற்கு 0.75.

இந்த எண்களைப் பள்ளி நிர்வாகங்கள் ஒரு தடவை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கருவியைவிடக் கற்பிப்பதற்குப் பலன் அதிகம். லேபுக்குச் செலவு செய்துவிட்டு, திருத்துவது எப்படி என்று சொல்லித்தர ஆசிரியருக்குப் பயிற்சியோ நேரமோ கொடுக்காமல் விட்டால், பிள்ளைகள் நீளமாக எழுதுவார்கள், நன்றாக எழுதுவார்களா என்பது சந்தேகம்தான்.

கையெழுத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. முதல் யோசனைகளைக் காகிதத்தில் அம்புக்குறி போட்டு, வட்டம் போட்டு, குறுக்கும் நெடுக்குமாக எழுத வசதி, திரை அப்படி விடாது. இன்னொன்று, திரையில் ஒரு நேரத்தில் கட்டுரையின் ஒரு துண்டுதான் தெரிகிறது. கிறிஸ்டினா ஹாஸ் என்ற ஆய்வாளர் 1980-களின் இறுதியிலேயே இதைக் கவனித்தார். திரையில் மட்டும் படித்தவர்கள் கட்டுரை மொத்தமாக எப்படி இருக்கிறது என்ற பிடி தவறுகிறது என்றார்கள், அதனால் பிரிண்ட் எடுத்துப் பார்த்தார்கள். ஆகவே இரண்டையும் கலந்து செய்யுங்கள். காகிதத்தில் யோசித்து, கம்ப்யூட்டரில் எழுதி, பிரிண்ட் எடுத்துப் பேனாவோடு படித்து, மறுபடி கம்ப்யூட்டரில் மாற்றுவது. பிரிண்ட் எடுக்க வசதி இல்லாதவர்கள் எழுத்தைச் சின்னதாக்கி முழுப் பக்கமும் தெரிகிற மாதிரி வைத்துப் பார்க்கலாம், ஓரளவு உதவும். பரீட்சை கையால்தான் என்றால் அதற்கான பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், கை வேகம் பழகினால்தான் வரும்.

கேள்வி: மாணவர்களின் ஃபைலில், செய்கிற மாற்றங்களையெல்லாம் தனியாகக் காட்டும் 'டிராக் சேஞ்சஸ்' வசதியைப் போட்டு ஒவ்வொரு வரியையும் திருத்தி அனுப்புகிறேன். ராத்திரி வெகுநேரம் ஆகிறது. அவர்களோ எல்லா மாற்றத்தையும் ஒரேயடியாக ஏற்றுக்கொள்ளும் 'அக்செப்ட் ஆல்' பட்டனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்த கட்டுரையில் அதே தவறுகள். நான் என்னதான் செய்வது?

பதில்: உடனே நிறுத்துங்கள். உங்கள் உழைப்பை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது, ஆனால் அந்தக் கட்டுரையைத் திருத்தியது நீங்கள், கற்றுக்கொண்டதும் நீங்கள்தான். திருத்தப்பட்ட வாக்கியத்தைப் பார்த்து ஒப்புக்கொள்வதில் பிள்ளைக்கு யோசிக்க ஒன்றுமே மிச்சமில்லை.

டிராக் சேஞ்சஸை மாணவர் கையில் கொடுங்கள். அவர் தன் இரண்டாவது வரைவை அதைப் போட்டுக்கொண்டே செய்யட்டும், எதை நீக்கினார், எதை எங்கே நகர்த்தினார் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கமெண்ட் மட்டும் எழுதுங்கள், அதுவும் ஒரு கட்டுரைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒவ்வொன்றும் அந்தக் கட்டுரைக்கு மட்டுமே பொருந்துகிற கேள்வியாக இருக்கட்டும். 'தெளிவாக எழுதவும்', 'விளக்கவும்' என்பவற்றை எந்தக் கட்டுரையின் ஓரத்திலும் ஒட்டலாம், அதனால் எந்தக் கட்டுரைக்கும் அவை உதவுவதில்லை. 'அப்பா கோபப்பட்டார் என்கிறாய், அவர் என்ன செய்தார்?' என்று கேட்டால் பிள்ளை பதில் எழுதித்தான் ஆக வேண்டும். 'முதல் பத்தியில் செல்போன் கூடாது என்கிறாய், கடைசியில் படிப்புக்கு வேண்டும் என்கிறாய், இரண்டில் எது உன் கருத்து?' இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடினாலே கட்டுரை தலைகீழாக மாறிவிடும்.

மேலே சொன்ன சோமர்ஸே 1982-இல் ஆசிரியர்களின் குறிப்புகளைப் பற்றியும் எழுதினார். ஆசிரியர்கள் ஒரே கட்டுரையில் 'இந்த வாக்கியத்தைச் சுருக்கு' என்றும் 'இந்தப் பத்தியை விரிவாக்கு' என்றும் சேர்த்தே எழுதுகிறார்கள். வாக்கியத்தைச் செதுக்குவதா, பத்தியையே மாற்றுவதா என்று மாணவர் குழம்பிப்போகிறார். அதே ஆய்வில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான, எழுத்து நடையைச் சோதித்துக் குறிப்புச் சொல்லும் 'ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்' என்ற கம்ப்யூட்டர் நிரலிடமும் ஒரு கட்டுரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர்களின் குறிப்புகளில் இருந்த கடுமைக்குப் பக்கத்தில் அந்த நிரலின் நிதானமான மொழி தனித்துத் தெரிந்ததாக அவர் எழுதியிருக்கிறார். படித்த நாளிலிருந்து எனக்கு மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிற செய்தி அது. பிள்ளையிடம் பொறுமையாகப் பேச ஒரு இயந்திரத்தால் முடியும்போது நம்மால் ஏன் முடியக் கூடாது?

எழுத்துப்பிழைகளை அப்படியே விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். அவர் அடிக்கடி செய்கிற ஒரே ஒரு வகைப் பிழையை முதல் பத்தியில் மட்டும் மஞ்சள் அடித்துக் காட்டுங்கள். மிச்சத்தை அவரே தேடட்டும், தேடுவதற்கென்றே கம்ப்யூட்டரில் வசதி இருக்கிறது.

கேள்வி: எங்கள் பள்ளியில் நல்ல நிலையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டரும் ஒரு புரொஜெக்டரும்தான். வகுப்பில் நாற்பது பேர். இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையச் செய்யலாம். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருக்கிற பள்ளியில்கூட நான் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். நீங்களே ஒரு சுமாரான கட்டுரையை, ஐந்தாறு பத்திக்கு, டைப் செய்து சுவரில் போடுங்கள். மாணவர் யாருடைய கட்டுரையையும் முதல் முறை போடாதீர்கள், அந்தப் பிள்ளைக்கு அது தாங்காது. 'எந்த வரியில் உங்களுக்குச் சுவாரஸ்யம் வந்தது?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் வரியை எல்லார் கண்ணெதிரிலும் மேலே நகர்த்துங்கள். 'இதை எடுத்துவிட்டால் என்ன குறையும்?' என்று ஒரு பத்தியை நீக்கிக் காட்டுங்கள், வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது சாதாரணமாக வெளியே தெரியாது, அதை நாற்பது பேரும் சத்தமாகச் சொல்லக் கேட்பது பெரிய பாடம்.

நீங்கள் விசைப்பலகையில் உட்காராமல் ஒரு மாணவரை உட்கார வைத்தால் இன்னும் நல்லது. மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சரியாகச் சொல்ல வேண்டியிருக்கும், 'அதை மாத்து' என்றால் அவருக்குப் புரியாது. பிறகு அவரவர் நோட்டில் அவரவர் கட்டுரையை அப்படியே செய்யட்டும். காகிதத்தைப் பத்தி பத்தியாகக் கத்தரித்து மேசையில் வரிசை மாற்றிப் பார்ப்பதும் இதே வேலைதான்.

கேள்வி: என் மகள் நன்றாகக் கதை சொல்வாள். கையால் எழுதினாலும் பரவாயில்லை. டைப் செய்யச் சொன்னால் ஐந்து வரியில் முடித்துவிடுகிறாள்.

பதில்: எழுத்தைத் தேடித் தேடி அமுக்குகிற பிள்ளைக்கு வாக்கியத்தின் முடிவு வருவதற்குள் ஆரம்பம் மறந்துவிடும். அவளுடைய எழுத்துத் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விரல் பழக்கத்தைத் தனியாக, தினம் கொஞ்ச நேரம், கட்டுரையோடு கலக்காமல் கொடுங்கள். அதுவரை அவள் சொல்லச் சொல்ல நீங்கள் டைப் செய்யுங்கள், அவள் சொன்னதை அப்படியே, அழகுபடுத்தாமல். அப்புறம் மவுஸை அவளிடம் கொடுத்து வரிகளை நகர்த்தச் சொல்லுங்கள். திருத்துவதற்கு வேகமான விரல் வேண்டியதில்லை.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. கஷ்டப்பட்டு எழுதிய பத்தியை நீக்கச் சொல்கிறார் என் பேராசிரியர். கை வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: நீக்காதீர்கள், இடம் மாற்றுங்கள். 'மிச்சம்' என்று ஒரு ஃபைல் திறந்து அதில் ஒட்டிவிடுங்கள். பத்தி எங்கும் போய்விடவில்லை என்று தெரிந்தால் மனசு லேசாகும், கட்டுரையை அது இல்லாமல் ஒரு தடவை படித்துப் பார்க்கும் தைரியம் வரும். பெரும்பாலும் திரும்பக் கேட்கமாட்டீர்கள். சில சமயம் அடுத்த கட்டுரையின் முதல் பத்தி அந்த ஃபைலில் கிடக்கும்.

கேள்வி: இப்போது பிள்ளைகள் கட்டுரையையே சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கிவருகிறார்கள். வரைவு, திருத்தம் என்றெல்லாம் பேசுவதில் இனி அர்த்தம் இருக்கிறதா?

பதில்: முன்பைவிட அதிகமாக இருக்கிறது என்றே நினைக்கிறேன். முடிந்த கட்டுரையை மட்டும் வாங்கி மார்க் போடுகிற இடத்தில்தான் இந்தச் சிக்கல் பெரிதாக இருக்கிறது. கட்டுரை எப்படி வளர்ந்தது என்று கூடவே பார்த்துக்கொண்டு வருகிற ஆசிரியருக்கு அவ்வளவு இல்லை. பிள்ளை எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்கிற மென்பொருளை நம்பி ஒரு பிள்ளையின் மேல் பழி போடாதீர்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படிக் கண்டுபிடிக்கும் ஒரு கருவியை வெளியிட்டு, சரியாகக் கணிக்கவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. உண்மையாகவே உழைத்து எழுதிய பிள்ளையிடம் 'இது நீ எழுதியதா?' என்று கேட்டால் அது எழுத்தையே வெறுத்துவிடும்.

அதற்குப் பதிலாக மார்க்கைப் பிரியுங்கள். வரைவு 1, வரைவு 2, வரைவு 3 மூன்றும் வர வேண்டும், கூடவே 'ஒன்றிலிருந்து இரண்டுக்கு எதை மாற்றினேன், ஏன்' என்று அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்துக்கும் மார்க் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் எழுதினால் பழைய வடிவங்கள் தானாகவே சேமிக்கப்படும், பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். அதைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்தாமல், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'இங்கே ஒரு பத்தி இருந்ததே, ஏன் எடுத்தாய்?' என்று கேளுங்கள். தானே எழுதிய பிள்ளை சட்டென்று பதில் சொல்லும், சில சமயம் 'எடுத்திருக்கக் கூடாது மிஸ்' என்று திரும்பப் போடும். வாங்கிவந்த பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அப்போது திட்டாதீர்கள். அதே தலைப்பில் முதல் பத்தியை அங்கேயே, உங்கள் பக்கத்திலேயே, தோன்றியபடி எழுதச் சொல்லுங்கள். அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதை 'வரைவு 1' என்று சேவ் செய்து கொடுத்து அனுப்புங்கள்.